எட்டாம் வகுப்பு விழாவுக்கு ஊரிலிருந்து தாத்தா, பாட்டி: விசா முதல் உட்காரும் இடம் வரை

1. வள்ளியூர்க்காரன் (நியூ ஜெர்சி)

மகள் அடுத்த ஜூனில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். பள்ளி நாட்காட்டியில் "ஜூன் மூன்றாம் வாரம், மாலை 6 மணி, ஃபுட்பால் மைதானம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஊரிலிருந்து அப்பா (78), அம்மா (72) வரப் பிரியப்படுகிறார்கள். அம்மாவின் பத்து வருஷ விசா பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் செல்லும். அப்பாவுக்கு விசாவே இல்லை. பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் காலி.

உடல்நிலை: அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். முட்டிவலி, கைத்தடியோடு மெதுவாக நடப்பார். அம்மாவுக்குக் காதுக் கருவி.

டிக்கெட்: குடும்பத்துக்கு நான்கு. மழை வந்தால் விழா ஜிம்முக்குள் போய்விடும், அப்போது இரண்டுதான். நாங்கள் இருவர், சின்னவன், அப்பா, அம்மா என்று ஐந்து தலை. நான்கிலேயே இடிக்கிறது, இரண்டுக்கு என்ன செய்ய? எதிலிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள்.

2. ஜெமினி_மேம்பாலம் (சென்னை)

அப்பா விசாவுல ஆரம்பிங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

"பேத்தி விழா நெருங்கிடுச்சு, அவசர நேர்காணல் குடுங்க"ன்னு கேட்க வழியே கிடையாது. கல்யாணம், பட்டமளிப்பு, பிரசவத்துக்குத் துணைன்னு வர்ற எதுவும் அவசர ஒதுக்கீட்டுல சேராதுன்னு அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிப்படையாவே எழுதி வச்சிருக்கு. காத்திருப்பு நாள் மாசத்துக்கு மாசம் மாறும். ஜூன் விழான்னா முந்தின வருஷமே டி.எஸ்-160ங்கிற விசா விண்ணப்பப் படிவத்தைப் போட்டு, கட்டணத்தைக் கட்டி, கிடைச்ச தேதியைப் பிடிச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம். பி-2ங்கிற சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், விசா கிடைக்கலைன்னாலும் திரும்ப வராது. கட்டின ரசீது ஒரு வருஷம் செல்லும், அதுக்குள்ள நேர்காணலுக்கு நாள் குறிச்சிடணும்.

இடிக்கிற இடங்கள்:

ஒற்றைப் பெயர். படிவத்துல அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்துல போட்டு, முதல் பெயர் கட்டத்துல "எஃப்.என்.யு"ன்னு போடணும், "முதல் பெயர் தெரியாது"ங்கிறதோட ஆங்கிலச் சுருக்கம் அது. விசாவுலயும் அப்படியேதான் அச்சாகி வரும், பயப்பட வேண்டாம். விமான டிக்கெட்ல ஒற்றைப் பெயரை எப்படிப் போடணும்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி வேற. போன் பண்ணிக் கேட்டு அவங்க சொல்றபடியே போடுங்க. சொந்தமா அப்பா பெயரைக் கடைசியில ஒட்டினா, பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் பொருந்தாம கவுண்டர்ல நிப்பாட்டுவாங்க.

புகைப்படம். இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடியைக் கழட்டிட்டு. வயசானவங்க கண்ணாடியோட எடுத்த பழைய படத்தைக் குடுத்துத் திரும்பி வர்றது அடிக்கடி நடக்குது.

கைரேகை. தோட்ட வேலை செஞ்ச கை, வயசான கை ரெண்டுலயும் ரேகை தேஞ்சிருக்கும், கருவி பிடிக்காது. ஒரு வாரம் முன்னாடியே ராத்திரி ராத்திரி எண்ணெயோ லோஷனோ தடவச் சொல்லுங்க. அன்னைக்குக் காலையில மட்டும் தடவாம, சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சிட்டுப் போகணும்.

தேதி மாத்தறது. 2025 ஜனவரி 1லிருந்து ஒரு தடவைதான் இலவசமா மாத்தலாம். அதுக்கு மேல மாத்தினாலோ போகாம விட்டாலோ மறுபடி கட்டணம்.

"எண்பது தாண்டினா நேர்காணல் வேண்டாமே"ன்னு யாராவது சொன்னா அது பழைய கதை. 2025 செப்டம்பர் 2ஆம் தேதியோட அந்த வயசுச் சலுகை போயிடுச்சு.

நேர்காணல் தமிழ்லயே நடக்கும், கேட்டு வாங்கிக்கலாம். கேள்வி மூணோ நாலோதான். எதுக்குப் போறீங்க, யார் செலவு, எப்ப திரும்புவீங்க. "பேத்தி எட்டாவது முடிக்கிறா, ஜூன்ல விழா, பார்த்துட்டு ஆகஸ்ட்ல வந்துடுவோம்." இது போதும். "பிள்ளைங்களைப் பார்த்துக்கப் போறோம்"னு சொல்ல வேண்டாம். நம்ம பேச்சுல அது பாசம். அவங்க காதுல அது சம்பளமில்லாத ஆயா வேலை மாதிரி விழும். பள்ளி அழைப்புக் கடிதம் கட்டாயம் இல்லை, நோட்டரி கையெழுத்தும் வேண்டாம். பட்டா, பென்ஷன் புத்தகம் எல்லாம் கையில இருக்கட்டும், கேட்டா மட்டும் எடுங்க. போனை உள்ள விடமாட்டாங்க.

அம்மாவுக்குப் புது விசா தேவையில்லை. பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட் ரெண்டையும் சேர்த்துக் கைப்பையில வச்சுக்கணும், பெட்டியில போட்டுடக் கூடாது. அந்த விசா முடிஞ்ச 12 மாசத்துக்குள்ள புதுப்பிச்சா நேர்காணல் விலக்கு கேட்கலாம், அது இப்பவும் இருக்கு.

3. சும்மா_வந்தவன்

எட்டாங்கிளாஸ் முடிச்சதுக்குப் பட்டமளிப்பா? 78 வயசுக்காரரை இருபது மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ண வைக்கணுமா? பன்னிரண்டாவது முடிக்கறப்போ கூப்பிட்டுக்கலாமே. கோபப்படாதீங்க, கேட்கணும்னு தோணுச்சு.

4. முன்பெஞ்சு (பென்சில்வேனியா, பெற்றோர் சங்கத்தில் விழா ஏற்பாடு)

கேள்வி நியாயமானது. நிறையப் பள்ளிகளே இதைப் "பட்டமளிப்பு" என்று சொல்வதில்லை. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் "ப்ரொமோஷன்", நியூயார்க் பக்கம் "மூவிங் அப்". சட்டப்படி இதற்குப் பெரிய பெறுமதி கிடையாது. அடுத்த கட்டிடத்துக்கு, அதாவது ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். சில மாவட்டங்கள் எட்டாம் வகுப்புக்கு அங்கி, தொப்பி வேண்டாம் என்றே வைத்திருக்கின்றன.

தாத்தாவுக்கு விளக்க ஒரு சுலபமான வழி உண்டு. அவர் தலைமுறையில் எட்டாவது முடிவில் ஈ.எஸ்.எல்.சி. என்று ஒரு பொதுத்தேர்வு இருந்தது. அந்த இடத்தில் இங்கே ஒரு விழா வைக்கிறார்கள் என்றால் புரிந்துகொள்வார்.

நான்கு வருஷம் கழித்து வரலாமே என்பதைப் பொறுத்தவரை, 78 அப்போது 82. பயணக் காப்பீடு, முட்டி, விசா மூன்றுமே அந்த வயதில் இன்னும் கடினம். முடிவு அவரவர் வீட்டுடையது.

இனி டிக்கெட். நான்கு என்ற எண் ஆசனங்களைப் பார்த்து வருவதில்லை, தீயணைப்பு விதிப்படி அந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதிலிருந்து வருகிறது. அதனால் முதல்வரிடம் கெஞ்சிப் பயனில்லை. ஆனால் மூன்று வழிகள் திறந்திருக்கும்.

ஒன்று, பள்ளி அலுவலகச் செயலருக்கு ஏப்ரலிலேயே ஒரு சின்ன மின்னஞ்சல்: "வெளிநாட்டிலிருந்து தாத்தா பாட்டி வருகிறார்கள், கூடுதல் டிக்கெட் பட்டியலில் எங்கள் பெயரைச் சேருங்கள்." பல குடும்பங்களுக்கு இரண்டே போதும், மிச்சம் திரும்பி வரும். அதைப் பங்கிடுவது செயலர்தான்.

இரண்டு, வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு. விழாவுக்கு முந்தின வாரம் "ஒன்று மிச்சம் இருக்கிறது" என்று செய்தி வரும். காசு கொடுத்து வாங்க வேண்டாம், பள்ளிகள் அதைத் தடை செய்திருக்கும்.

மூன்று, மிக முக்கியம். சக்கர நாற்காலி இடத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். ஏ.டி.ஏ. என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சக்கர நாற்காலிக்கான இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு துணை ஆசனமும் இருக்க வேண்டும். அப்பா நாற்காலியில், அம்மா துணை ஆசனத்தில். இருவரும் படி ஏற வேண்டாம், முன்வரிசை. இதற்கான படிவத்தைப் பள்ளிகள் இரண்டு மூன்று வாரம் முன்பே மூடிவிடும். அன்றைக்கு வாசலில் போய்க் கேட்டால், பாவப்பட்டு ஒரு மடக்கு நாற்காலி கொடுப்பார்கள். அது எங்கே போடப்படும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

5. டல்லாஸ்_செந்தில்

விமான டிக்கெட் பற்றி. நியூ ஜெர்சியில் தேதி உறுதியாகும் முன் பணம் கட்டாதீர்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் அதுவரை காத்திருந்தால் ஜூன் கட்டணம் எகிறிவிடும். அங்கே பனியால் பள்ளி மூடிய நாட்களை ஜூன் கடைசியில் சேர்த்து ஈடுகட்டுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் நான்கு நாள் பனி பெய்தால் விழாவும் நான்கு நாள் தள்ளும். ஆகவே வருகையை முன்னாடியே வையுங்கள், திரும்பும் நாளைப் பின்னாடி தள்ளுங்கள். மே கடைசியில் வந்து ஆகஸ்டில் திரும்பினால் எந்தப் பனியும் ஒன்றும் செய்யாது. பி-2வில் நுழையும்போது வழக்கமாக ஆறு மாதம் தருகிறார்கள், அதனால் அதில் சிக்கல் இல்லை. பாஸ்போர்ட் அதற்குள் காலாவதியானால் மட்டும் தங்கும் தேதியும் குறையும், முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

விழாவுக்கு முந்தின நாள் இறங்குவது வீண். ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மாலை 6 மணி விழா என்பது உடம்புக்கு அதிகாலை மூன்றரை. உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். பத்து நாளாவது இடைவெளி வேண்டும்.

வள்ளியூரிலிருந்து சென்னை போய் ஏறுவதைவிடத் திருவனந்தபுரம் பக்கம். அங்கிருந்து வளைகுடா வழி ஒரே ஒரு மாற்றம். அபுதாபி வழி வந்தால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அபுதாபியில் அந்த வரிசைக்கு நேரம் வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளி போதாது, மூன்றரைக்கு மேல் இருக்கிற மாதிரி பாருங்கள்.

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. மூன்று வகை உண்டு. படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார் என்றால் ஆர். படியே ஏற முடியாது என்றால் எஸ். இருக்கை வரை தூக்கித்தான் விட வேண்டும் என்றால் சி. கைத்தடிக்காரருக்கு "ஆர்" என்று போட்டுவிட்டு, விமானம் தளத்தில் நின்று படி வழியாக இறங்க வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வார். முட்டிவலி என்றால் "எஸ்" கேளுங்கள்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது:

கசகசா. துபாய், அபுதாபியில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. குருமாப் பொட்டலத்துக்காகக் காவல் நிலையம் போக வேண்டாம்.

கறிவேப்பிலை. அமெரிக்காவுக்குள் அனுமதியில்லை, காய்ந்ததும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, இங்கே தோப்புகளை அழிக்கும் பூச்சியைக் கொண்டுவரும்.

இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி கைப்பையில் வேண்டாம். 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனை. செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள். உணவு எது இருந்தாலும் கேட்கும்போது "இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் பறித்துக்கொள்வார்கள். சொல்லாமல் அகப்பட்டால் அபராதம்.

6. மருந்துப்பெட்டி (மருந்தாளுநர், ஒஹாயோ)

இன்சுலின் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் யு-40. ஒரு மில்லியில் 40 யூனிட். அமெரிக்காவில் வழக்கமானது யு-100. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. யு-40 சிரிஞ்சின் மூடி சிவப்பு, யு-100 சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. இங்கே வந்து சிரிஞ்ச் தீர்ந்துபோய், கடையில் ஆரஞ்சு மூடியை வாங்கி ஊர்க் குப்பியிலிருந்து "20" கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும். மறுபக்கம் இன்னும் ஆபத்து. இங்கே வாங்கிய யு-100 குப்பியிலிருந்து ஊர் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் "20" இழுத்தால் 50 யூனிட் போகும். அது மயக்கத்தில் கொண்டு விடும். ஆகவே தங்கும் காலம் முழுக்கத் தேவையான சிரிஞ்சுகளை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். முடிந்தால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசி இன்சுலின் பேனாவுக்கு மாறுங்கள், பேனா இரண்டு நாட்டிலும் பெரும்பாலும் யு-100தான்.

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். கீழே சரக்கறையில் உறைந்துபோனால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. மருந்துக் கடை ரசீதும் மருத்துவர் கடிதமும் கூடவே. கடிதத்தில் கம்பெனிப் பெயரைவிட மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும். இங்கே டோலோ என்றால் யாருக்கும் தெரியாது. பாராசிட்டமாலே இங்கே அசிட்டமினோஃபென், கடையில் டைலெனால். மாத்திரைகள் அட்டையோடு, மூன்று மாத அளவு.

மேற்கே பறக்கும்போது அந்த ஒரு நாள் ஒன்பதரை மணி நேரம் நீளும். அடுத்த ஊசி எப்போது, எவ்வளவு என்பதை இந்திய நேரத்திலேயே ஒரு தாளில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

காப்பீடு. மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு விருந்தாளிக்குக் கிடையாது. விருந்தினர் காப்பீட்டில் இரண்டு ஜாதி. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டது, விலை குறைவு. மருத்துவமனைச் செலவில் ஒரு மூலைக்குத்தான் காணும். இன்னொன்று, கழிவுத்தொகைக்கு (முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) மேல் மொத்தச் செலவில் பெரும்பங்கு தருவது. சர்க்கரை உள்ளவருக்கு இரண்டாவதுதான். அதிலும் "ஏற்கெனவே இருக்கும் நோயின் திடீர்த் தாக்கம்" என்ற வரி இருக்கிறதா, 70 வயதுக்கு மேல் அதன் வரம்பு எவ்வளவு என்று படியுங்கள். 78க்கு அது பெரும்பாலும் சுருங்கிவிடும். சர்க்கரைக்கு வழக்கமான பரிசோதனையும் மாத்திரையும் பெரும்பாலான திட்டங்களில் வராது.

விழா மாலை 6 மணி என்றால் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும். நாலரைக்கே ஏதாவது கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள். பையில் குளுக்கோஸ், பிஸ்கட் இருக்கட்டும். கடலைமிட்டாய் வேண்டாம், நிறையப் பள்ளிகளில் கடலைக்குத் தடை.

7. ஸ்கார்பரோ_வாசன் (டொராண்டோ)

இஞ்சை ஒன்ராறியோவில எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடமே மாறும், அதால கிரேட் 8 விழா பெரிய எடுப்புத்தான், ஜூன் கடைசிக் கிழமையில வரும். அம்மம்மா, அப்பப்பாவை யாழ்ப்பாணத்தில இருந்தோ இந்தியாவில இருந்தோ கூப்பிடுறவை சூப்பர் விசாவைப் பாருங்கோ. 2022 ஜூலையில இருந்து ஒருக்கா வந்தால் ஐந்து வருசம் வரை நிக்கலாம். ஆனால் குறைஞ்சது ஒரு லட்சம் கனேடிய டொலருக்கு ஒரு வருசக் காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை, கூப்பிடுறவரின்ர வருமானக் கணக்கு எல்லாம் வேணும். ரெண்டு மாசத்துக்கு மட்டும் எண்டால் சாதாரண விசிற்றர் விசாவே காணும்.

மருந்துப்பெட்டி சொன்னதோட ஒண்டு: கனடாவில சர்க்கரை அளவை வேற கணக்கில சொல்லுவினம். இஞ்சத்தை மீற்றர் 7 எண்டு காட்டினால் 18ஆல் பெருக்குங்கோ, 126. "ஏழுதானே!" எண்டு பதறிப்போய் சீனித்தண்ணி குடுக்க வேண்டாம்.

8. பே_ஏரியா_பாமா (கலிஃபோர்னியா)

எல்லாரும் பாட்டி தாத்தா பக்கமே பேசறீங்க, மேடையிலே ஒரு விஷயம் இருக்கு. பேர் கூப்பிடறது. எட்டாயிரம் மைல் தாண்டி வந்து காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு, பேத்தி பேர் புரியாமலே கடந்து போயிடும். கவின் "கெவின்" ஆயிடுவான், நிலா "நைலா" ஆயிடுவா. மே மாசம் பள்ளியிலே உச்சரிப்புச் சீட்டு ஒண்ணு கேப்பாங்க. அதிலே எழுத்துக்கூட்டி எழுதாதீங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச ஆங்கிலச் சொல்லாலே எழுதுங்க. நிலான்னா முழங்காலுக்குச் சொல்ற "நீ", சட்டத்துக்குச் சொல்ற "லா". ழ வந்தா விட்டுடுங்க, "ர" மாதிரிச் சொன்னா போதும்னு ஒத்துக்கோங்க. பத்து வினாடி ஒலிப்பதிவும் அனுப்பினா, பேர் வாசிக்கிற ஆசிரியர் நிச்சயம் கேட்பார், அவருக்கும் பயம்தான்.

அப்புறம், பள்ளிப் பதிவேட்டிலே கடைசிப் பேரா அப்பா பேர் இருக்கும். மேடையிலே அதுவும் சேர்ந்து வரும்னு பாட்டிகிட்டே முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லேன்னா வேற யாரையோ கூப்பிட்டதா நினைச்சுடுவாங்க.

குலவை போட ஆசைப்பட்டா அழைப்பிதழைப் படிங்க. "எல்லாப் பேரும் முடியும் வரை கைதட்டல் வேண்டாம்"னு இருந்தா வாயைக் கட்டிக்கணும். அடுத்த பிள்ளை பேர் அந்தச் சத்தத்திலே அமுங்கிடும், அதுக்குத்தான்.

மாலை. கலிஃபோர்னியாவிலே ஹவாய்ப் பழக்கம் வந்து விழா முடிஞ்சதும் பிள்ளைங்க கழுத்திலே "லே" போடறாங்க, டாலர் நோட்டு மாலைகூட உண்டு. நம்ம பாட்டிமாருக்கு இது அல்வா மாதிரி. செய்முறை:

புது ஒரு டாலர் நோட்டு 16. வங்கியிலே புதுசு கேட்டு வாங்குங்க, பழசு மடிப்பு நிக்காது. நோட்டோட குட்டைப் பக்கத்திலிருந்து ஆரம்பிச்சு அரை அங்குலத்துக்கு ஒரு மடிப்பா, புடவைக் கொசுவம் மடிக்கிற மாதிரியே முன்னும் பின்னும். ஒரு நோட்டுக்குப் பன்னிரண்டு மடிப்பு வரும். நடுவிலே நூலாலே ஒரு கட்டு. ரெண்டு பக்கமும் விரிச்சா வண்ணத்துப்பூச்சி. 60 அங்குல ரிப்பன்லே ரெண்டரை அங்குலத்துக்கு ஒண்ணா, அதே நூல் நுனியாலே கட்டிக்கிட்டே வரணும். 40 அங்குலம் ஆகும், மிச்சம் முடிச்சுக்கு. ஸ்டேப்ளர், பசை கூடாது, அப்புறம் நோட்டைப் பிரிக்கும்போது கிழியும். மடிக்கிற வேலை பாட்டிக்கு, கட்டற வேலை பேத்தியோட தம்பிக்குன்னு குடுத்தா ஒரு சாயங்காலம் ஓடிடும்.

பூமாலைதான் வேணும்னா இங்கே வந்து வாங்குங்க, இந்தியக் கடையிலே மல்லிச்சரம் கிடைக்கும். ஊர்லேர்ந்து கொண்டு வரவே வேண்டாம்.

9. வள்ளியூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. அப்பா யு-40 குப்பிதான், இப்போதான் கூப்பிட்டுக் கேட்டேன். பேனாவுக்கு மாறுவது பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று கேள்வி. மழை வந்து இரண்டே டிக்கெட் என்றால் யாரை உள்ளே அனுப்ப? அம்மாவின் காதுக் கருவி ஜிம் எதிரொலியில் எடுபடுமா? அப்பா வேட்டிதான் கட்டுவேன் என்கிறார், பரவாயில்லையா?

10. டல்லாஸ்_செந்தில்

இரண்டு டிக்கெட்டும் பெரியவர்களுக்கே. நீங்கள் அடுத்த விழா பார்ப்பீர்கள். சில பள்ளிகள் உணவுக்கூடத்தில் திரை கட்டி நேரடியாகக் காட்டும், நீங்கள் அங்கே.

11. முன்பெஞ்சு

செந்தில், இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பெரியவர்களைத் தனியாக உள்ளே விட்டால், அறிவிப்பு புரியாது, கழிப்பறை எங்கே என்று கேட்க ஆள் இல்லை, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் யாருமில்லை. பெற்றோரில் ஒருவர், பெரியவர்களில் ஒருவர் என்பதுதான் பாதுகாப்பு. யார் அந்தப் பெரியவர் என்பதை விழா அன்று வாசலில் தீர்மானிக்காதீர்கள். இன்னொரு வழியும் உண்டு. சக்கர நாற்காலி இடம் முன்பே உறுதியாகியிருந்தால், மழைத் திட்டத்திலும் அந்த நாற்காலியும் துணை ஆசனமும் தொடருமா என்று செயலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சில பள்ளிகள் அதை இரண்டு டிக்கெட் கணக்கிலேயே சேர்க்கும், சில சேர்க்காது. சேர்க்காத பள்ளி என்றால் உங்கள் சிக்கல் தீர்ந்தது.

மழை மட்டுமில்லை, இடியும் பாருங்கள். ஜூன் மாலைகளில் நியூ ஜெர்சியில் இடி சகஜம். இடிச் சத்தம் கேட்டால் மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருப்பார்கள். பத்தாவது நிமிடத்தில் இன்னொன்று இடித்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. அதுவரை அப்பா காருக்குள் இருக்கட்டும்.

காது. ஒலிபெருக்கி வைத்து நடத்தும் அரங்கங்களில் கேட்புத் துணைக்கருவி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஏ.டி.ஏ. விதிதான். கருவியில் டி என்ற நிலை, அதாவது டெலிகாயில், இருக்கிறதா என்று அம்மாவின் கருவி விற்றவரிடம் கேளுங்கள். இருந்தால் பள்ளியில் கழுத்து வளையம் ஒன்று தருவார்கள், மைக் பேச்சு நேராகக் கருவிக்குள் வரும், எதிரொலி வராது. இல்லையென்றால் ஹெட்போன் கேட்கலாம். அன்றைக்குக் கேட்டால் அந்தப் பெட்டிச் சாவி யாரிடம் என்று தேடுவார்கள். சக்கர நாற்காலி மின்னஞ்சலிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள். மைதானத்தில் என்றால் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம், பக்கவாட்டில்.

அன்றைக்கு நடப்பது இதுதான். கதவு 30–45 நிமிடம் முன்பு திறக்கும். பெரியவர்களை வாசலில் இறக்கிவிட்டு ஒருவர் கூடவே இருங்கள், இன்னொருவர் காரை நிறுத்தப் போகட்டும். நிறுத்துமிடத்திலிருந்து மைதானம் நீங்கள் நினைப்பதைவிட தூரம். புல்தரையில் சக்கர நாற்காலியின் சின்னச் சக்கரம் புதையும், திருப்பிப் பின்னோக்கி இழுங்கள், சுலபமாக வரும். வெளியே இருப்பது தற்காலிகக் கழிப்பறைதான், படி உயரம், உள்ளே இருட்டு. ஆகவே பள்ளிக் கட்டிடத்துக்குள் போய்விட்டு வந்து உட்காருவது நல்லது.

பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வரும்போது ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரின் அணிவகுப்பு இசை ஒலிக்கும். 1901இல் எழுதியது, 1905இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு கௌரவப் பட்டம் கொடுத்தபோது வாசித்ததிலிருந்து அமெரிக்கப் பட்டமளிப்புகளோடு ஒட்டிக்கொண்டது. பிறகு தேசிய கீதம், கொடி உறுதிமொழி. எல்லாரும் நெஞ்சில் கை வைப்பார்கள். வெளிநாட்டவர் மரியாதைக்கு எழுந்து நின்றால் போதும். எழ முடியாதவர் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 300 பிள்ளைகள் என்றால் ஒரு பெயருக்கு ஆறு வினாடி வீதம் அரை மணி நேரம் பெயர் மட்டும். மொத்தம் ஒன்றேகால் மணிக்கு மேல். பெயர் எந்த வரிசை என்று பிள்ளையிடம் கேட்டு வைத்தால், முன்கூட்டியே தட்டி எழுப்பலாம்.

அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டின் நகலும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதியும் பையில் இருக்கட்டும். ஐ-94 காகிதமாக யாரும் தர மாட்டார்கள், வந்து இறங்கிய பிறகு சுங்கத் துறைத் தளத்தில் நாமே எடுக்க வேண்டும். அதிலுள்ள தேதிதான் திரும்ப வேண்டிய கடைசி நாள், விசாவில் இருப்பது இல்லை. டெக்ஸஸ் போன்ற இடங்களில் ஒளிபுகும் பை மட்டும்தான் உள்ளே விடுவார்கள், இன்சுலினுக்கு விலக்கு உண்டு, ஆனால் வாசலில் சொல்ல வேண்டும். குடை பல இடங்களில் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். வெயிலுக்குத் தொப்பி.

12. பே_ஏரியா_பாமா

நேரடி ஒளிபரப்பு லிங்க் இருந்தா வள்ளியூர்லே இருக்கிற மத்த சொந்தக்காரங்களுக்கும் அனுப்புங்க. ஆனா அங்கே அதிகாலை 3:30. அத்தை எழுந்து உட்கார்ந்து பார்க்கிற நேரத்துக்கு லிங்க் உடையறது வழக்கம்தான், ஒரே நேரத்திலே எல்லாரும் பள்ளி வலையிலே ஏறுவாங்க. பேத்தி பேர் வர்ற ஒரு நிமிஷத்தை மட்டும் யாராவது போன்லே படுக்கை வசத்திலே பிடிச்சு அனுப்பினா போதும்.

ஜிம்மா இருந்தா பாட்டிக்குச் சால்வை. ஜூன்லேயும் ஏசி நடுக்கும்.

13. சும்மா_வந்தவன்

முதல்ல கேட்டதுக்கு வருத்தம் தெரிவிச்சுக்கிறேன். சக்கர நாற்காலி இடம்னு தனியா உண்டுங்கறதே இப்பதான் தெரியுது. வேட்டி கேள்வியை எல்லாரும் தாண்டிட்டீங்களே?

14. முன்பெஞ்சு

வேட்டி தாராளமாகக் கட்டலாம், ஒட்டு வைத்த வேட்டியாக இருக்கட்டும். நாற்காலியிலிருந்து எழும்போது கையில் தடி, இன்னொரு கையில் பிடி என்றால் அவிழ்கிற முனையைப் பிடிக்கக் கை மிச்சமிருக்காது. ஒருவேளை மைதானத்துப் படி ஆசனத்திலேயே உட்கார நேர்ந்தால், அது அலுமினியப் பலகை. வெயிலில் சுடும், பழசானதில் சாம்பல் நிறத் தூள் வெள்ளை வேட்டியில் அப்பிக்கொள்ளும், துவைத்தாலும் லேசில் போகாது. தோளில் கிடக்கிற துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பலகைக்கு அடியில் முழுக்க வெற்றிடம், கண்ணாடிக்கூடு, மாத்திரை டப்பா எதையும் பக்கத்தில் வைக்க வேண்டாம், நேராகக் கீழே போய்விடும்.